இரண்டரை மணிக் கப்பல்

‘நீலக்கடல் மாளிகை’ என்ற தொலைக்காட்சித் தொடரை அறுபத்திரண்டாம் பகுதியோடு நிறுத்திவிட்டார்கள் என்பதும், மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு அதன் அறுபத்து மூன்றாம் பகுதி சங்குமுனையில், அதுவும் கப்பல்காரத் தெருவில் மட்டும் ஓடியது என்பதும் ஊரறிந்த விஷயங்கள். அவற்றை நான் நிரூபிக்கப்போவதில்லை. நான் வழக்காட வந்திருப்பது அதற்கப்புறம் எங்கள் தெரு நடந்துகொண்ட விதத்தைப் பற்றி.

தொடரின் கதை இதுதான். செத்துப்போன ஒரு மாமனார், மூத்த மருமகளுக்கு ஆண் பிள்ளை பிறக்கும்வரை குடும்பத்தில் ஒருத்தரும் கரையில் கால் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அதனால் மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் ஒரு மாமியாரும் ஒரு கப்பலிலேயே குடியிருந்து, மேல்தட்டில் துளசிமாடம் வைத்து, ஊஞ்சல் கட்டி, பட்டுச்சேலை கசங்காமல் ஒருவர் காப்பியில் ஒருவர் எதையோ கலந்துகொண்டிருந்தார்கள். நடுக்கடலில் நின்று மருமகள்கள் அழும்போது ஒருத்தி தலைமுடிகூட ஆடாது. இந்தக் கண்றாவியைத் தமிழ்நாட்டில் யாருமே பார்க்கவில்லை, பார்க்காததற்காக நான் தமிழ்நாட்டைப் பாராட்டுகிறேன். ஆனால் நாங்கள் பார்த்தோம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆம்பளை கப்பலில் இருக்கிறான், ஒன்பது மாதம் போய்விட்டு இரண்டு மாதம் வந்து நிற்பான், அவன் அங்கே எதைப் பிடித்து நிற்கிறான், எங்கே குனிந்து தூங்குகிறான் என்பது இங்கே இருக்கிற பெண்களுக்குத் தெரியாது. அதனால் கப்பல் என்று எதைக் காட்டினாலும் உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்தபின் சண்டை போடுவார்கள்.

“நங்கூரம் கீழ கிடக்கு, கப்பல் எப்படிளா ஓடுது?” என்று, கப்பல் ஆட்களை மேய்க்கும் செராங்காக இருந்து வயதாகிக் கரையேறிவிட்ட லியோன் மாமா திண்டில் சாய்ந்தபடி முதலில் கேட்டார்.

“ஒருத்தியும் வாந்தி எடுக்கலியே, அத கேளுங்க,” என்றாள் எதிர்வீட்டுத் தெக்கிளா மதினி. “எங்க வீட்டாளு இருவது வருசமா கப்பல்ல இருக்காவ, இன்னும் முத நாளு வாளியோடதான் படுப்பாவ.”

ஒவ்வொரு பகுதி முடிவிலும் ‘உங்கள் மேலான கருத்துகளை எழுதுங்கள்’ என்று ஒரு முகவரி வரும். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறேன், பஸ் கண்டக்டரில் இருந்து பங்குப் பேரவை வரைக்கும் எல்லோரிடமும் வாக்குவாதம் பண்ணியவள் என்ற பெயரும் எனக்கு இருக்கிறது, ஆகவே தெருவின் மேலான கருத்துகளை அஞ்சலட்டையில் எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எண் போட்டு எழுதினேன். என் அக்கா அமலோற்பவம் தையல் வகுப்புக்குப் போகிற வழியில் அவற்றைப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

தொடர் ஐந்தாவது வாரத்தில் இருந்தபோது, அக்காவின் கணவர் இஞ்ஞாசி அத்தான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் புயலில் மூழ்கியது. இருபத்தொரு பேரில் இருபது பேரை மீட்டார்கள். அத்தானை மட்டும் காணவில்லை.

எங்கள் ஊரில் உடல் கிடைக்காத கப்பல்காரனுக்கு நூறாம் நாளில் துணியடக்கம் செய்வார்கள். கடைசி விடுமுறையில் அவன் கழற்றிப் போட்ட துணியைத் துவைக்காமல் ஒரு பெட்டியில் வைத்து, மனைவி தன் கையாலேயே குழிக்குள் இறக்க வேண்டும். இறக்கும்வரை அவள் மனைவி, இறக்கிய பிறகு விதவை. அக்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நாள் வர வேண்டும் என்று எண்ணினாளா வரக் கூடாது என்று எண்ணினாளா என்பதை அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் அறுபத்து மூன்றாம் பகுதி வந்தது. மூத்த மருமகள் மாமியாரிடம் எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு வாளிமேல் இடது காலைத் தூக்கி வைத்து, தூரிகையை டப்பா விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, இஞ்ஞாசி அத்தான் கைப்பிடிக் கம்பிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

யாரும் அலறவில்லை. லியோன் மாமா, “அடிப்பூச்சு பூசாம அடிக்கான்,” என்றார். தெக்கிளா மதினி அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குத் தெரிந்த வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருத்தராவது மூழ்கிப்போனவர் எப்படி டிவிக்குள் வந்தார் என்று கேட்டிருப்பார். எங்கள் தெரு கேட்ட கேள்வி, இவள் என்ன செய்ததால் அவன் வீட்டுக்கு வராமல் அங்கே போனான் என்பதுதான்.

“மூழ்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றாள் தெக்கிளா மதினி குழாயடியில். “மெட்ராசுக்கு ஓடிப்போயி நடிக்கான். வீட்டுல நிம்மதி இருந்தா ஒருத்தன் இவ்வளவு மட்டமான நாடகத்துல போயி ஒளிவானா?”

“மதினி, நாடகத்தையே நிறுத்திட்டாங்க. அடுத்த தெருவுல அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி ஓடுது,” என்றேன்.

“அதத்தான் நானும் சொல்லுதேன். நிறுத்தின நாடகத்துலயும் விடாம நடிக்கான்னா, இங்க வர எவ்வளவு பயம் இருக்கணும்!”

அத்தானின் அம்மா கபிரியேல் மாமி அதைவிட ஒரு படி மேலே போனாள். அவள் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள், ஒரே டிவியைப் பார்த்தாள், பார்க்கும்போது திரையில் பாதி நேரமும் அக்கா முகத்தில் பாதி நேரமும் கண் வைத்திருந்தாள். இரண்டாம் மருமகளுக்கு அத்தான் டம்ளரில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்த அன்று, “எம்மவன் ஒருத்திக்குக் காப்பி ஆத்திக் குடுத்து நான் கண்டதில்ல. நீ என்னளா பழக்கி வச்சிருக்க?” என்றாள். அக்கா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததும் ஒரு குற்றமாக அன்று சாயங்காலமே தெருமுனை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கேபிள்காரர் வந்து கம்பியைக் கழற்றி முகர்ந்துபார்த்துவிட்டு, “என் கம்பில வாறது பீர்க்கங்காய்க் கூட்டு. உங்க பெட்டில தெரியிறதுக்கு நான் பொறுப்பில்ல,” என்று சொல்லிப் போனார். பங்குச்சாமியார் வந்தார், ஒரு முழுப் பகுதியையும் பார்த்தார், தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் திருச்சபைக்குத் தனிக் கருத்து ஏதும் இல்லை என்றார், துணியடக்கத்தை நூறாம் நாளில் வைக்கலாமா கூடாதா என்று கேட்டதற்குப் பொறுத்துப் பார்ப்போம் என்றார், வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த இரண்டாம் மருமகள் எதற்காக அழுதாள் என்று என்னிடம் விசாரித்தார்.

நான் கவனித்தது வேறு. படம் மாறிக்கொண்டே வந்தது. நங்கூரம் மேலே இழுக்கப்பட்டிருந்தது. மருமகள்களின் முடி காற்றில் பறந்தது, மாமியார் கைப்பிடியைப் பிடித்து வாந்தி எடுத்தாள். முன்பு அட்டையில் வரைந்திருந்த அலைகள் இப்போது கனமாக, கறுப்பாக, கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டன. நாங்கள் எழுதிய குறைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன.

தெருவுக்கு இது தெரிந்ததும் கொண்டாட்டம். இந்தத் தெருப் பெண்கள் குடிநீர்க் குழாய்க்கு எழுதினார்கள், தெருவிளக்குக்கு எழுதினார்கள், சாக்கடைக்கு எழுதினார்கள், ஒரு அட்டைக்கும் ஒருவனும் பதில் சொன்னதில்லை, முதன்முதலாகக் குறை கேட்கிற ஒரு இடம் அகப்பட்டது என்றால் விடுவார்களா? கப்பல் என்றால் எலிக்குப் பூனை வேண்டும் என்று தெக்கிளா மதினி எழுதச் சொன்னாள். மூன்றாம் நாள் கப்பலில் பூனை நடந்தது, ஒரு காது மட்டும் கறுத்த சாம்பல் பூனை. அன்று முதல் லியோன் மாமா வீட்டில், ஒரு காது மட்டும் கறுத்த சாம்பல் பூனை இல்லை. கயிறு சரியில்லை என்று எழுதினோம், நல்ல கயிறு வந்தது, தெக்கிளா மதினியின் கிணற்றுவாளி கயிறில்லாமல் கிடந்தது. சமையற்கட்டில் அம்மி இல்லை என்று எழுதினோம், அம்மி வந்தது, மூன்றாம் வீட்டுக் கொல்லையில் அம்மி இருந்த இடத்தில் நான்குமூலை ஈரத்தழும்பு மட்டும் இருந்தது.

“இங்கேருந்துதான் எடுக்கிறாங்க,” என்றேன். “குறையச் சரிபண்ண வேண்டிய பொருள நம்ம வீட்டுலேருந்தே எடுக்கிறாங்க. உள்ள போகுது. எதுவும் வெளிய வரல. இது யோசிக்க வேண்டிய விஷயமா இல்லையா?”

“கோயிலுக்குக் குடுத்த மாதிரி நெனச்சுக்க,” என்றார் லியோன் மாமா. பூனை திரையில் தெரியும்போதெல்லாம் அவர் பெருமையாகச் செருமிக்கொள்வார்.

“படிச்ச பிள்ளைக்கு எல்லாத்துலயும் சந்தேகம்,” என்றாள் மதினி.

ஆமாம், சந்தேகம்தான். அதற்காகத்தான் எழுதிய அட்டைகளின் நகல் நோட்டை எடுத்து, எந்தக் குறை எந்தத் தேதியில் போனது, எந்தப் பொருள் எந்தத் தேதியில் காணாமல் போனது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். பத்தொன்பதாம் அட்டையில் என் கை நின்றுவிட்டது. என் கையெழுத்து. ஒரு திங்கட்கிழமைத் தேதி. ‘இந்தக் கப்பலில் கப்பல் வேலை தெரிந்த ஒரே ஒரு ஆள்கூட இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவரைப் போட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.’ அத்தானின் கப்பல் மூழ்கியது அதே வாரத்து வியாழக்கிழமை.

நோட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு வந்தவள் இப்போது ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது, அந்த ஆளிடம் வாதாடித் தப்பிக்கவும் வழியில்லை.

தொண்ணூற்று மூன்றாம் நாள் தெரு கூடி ஒரு முடிவெடுத்தது. எந்தக் கப்பலும் தண்ணீர் பிடிக்கக் கரைக்கு வந்தாக வேண்டும், இந்தக் கப்பல் இதுவரை ஒரு துறைமுகத்துக்கும் வரவில்லை, இது பெரிய குறை, ஆகவே சங்குமுனைக்கு வர வேண்டும் என்று எழுது என்றார்கள். நான் மறுத்தேன், காரணங்களை அடுக்கினேன். அக்கா அடுப்படியில் இருந்து வெளியே வந்து, “எழுதுடி,” என்றாள். அட்டையை எடுத்து எழுதிக் கொடுத்தேன்.

கப்பல் தொண்ணூற்றாறாம் நாள் மதியம் வந்தது. தெருவில் பாதிப் பேர் கப்பல் அணைகிற பாலத்துக்கு ஓடினார்கள், அங்கே ஒன்றும் இல்லை, கடல் வெயிலில் காய்ந்து கிடந்தது, இரண்டு நாட்டுப்படகுகள் கட்டிக் கிடந்தன. மீதிப் பேர் டிவியில் பார்த்தோம், எங்கள் பாலத்தில், எங்கள் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, அந்தக் கப்பல் வடம் போட்டு நின்றது. அத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். எங்கள் தெருவுக்குள் நடந்தார். ஒவ்வொரு வீடாகத் திரையில் கடந்துபோனது. தன் வாசல் அழுக்காகத் தெரிந்ததற்குத் தெக்கிளா மதினி கோபித்துக்கொண்டு, முன்கூட்டியே சொல்லியிருந்தால் பெருக்கியிருப்பேனே என்றாள். அத்தான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பயணம் முடிந்து வருகிற எங்கள் ஊர்க் கப்பல்காரன் நேராக வீட்டுக்குள் போக மாட்டான். வாசலுக்கு வெளியே நின்று, “எல்லாரும் இருக்கியளா?” என்று கேட்பான். உள்ளே இருப்பவர்கள் இருக்கிறவர்களின் பெயரையெல்லாம் சொல்ல வேண்டும், அவன் போயிருந்த காலத்தில் யாராவது இறந்திருந்தால் அந்தப் பெயரைக் கடைசியில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, வெளியிலேயே நின்று அந்த ஆத்துமாவுக்காகச் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் அவன் படி ஏறுவான்.

“எல்லாரும் இருக்கியளா?” என்று அத்தான் கேட்டார். அந்தத் தொடரில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். இரவல் குரல் இல்லை, அவருடைய குரலேதான். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்தது தொடரின் மூத்த மருமகள். எங்கள் வீட்டுக் கதவைப் பட்டுச்சேலையும் தலைநிறைய மல்லிகையுமாகத் திறந்து, இஞ்ஞாசி என்று ஞானஸ்நானம் வாங்கிய மனிதருக்கு ஒரு தாம்பாளத்தில் ஆரத்தி சுற்றத் தொடங்கினாள். அவளுக்கு வழக்கம் தெரியவில்லை. அவர் உள்ளே வரவில்லை. பதிலுக்காகக் காத்து நின்றார். அவள் புன்னகைத்தபடி சுற்றிக்கொண்டே இருந்தாள். பகுதி அங்கேயே முடிந்தது. மறுநாளும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தது, அதற்கு மறுநாளும் அப்படித்தான். முகத்தில் வெயில் ஏற ஏற அவர் நின்றுகொண்டே இருந்தார்.

தொண்ணூற்றொன்பதாம் நாள் மதியம் இரண்டு மணிக்குத் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. பாயில் ஒரு அஞ்சலட்டையும் பேனாவும் தயாராக வைக்கப்பட்டிருந்தன.

“கஷ்டமான காரியம் ஒண்ணுமில்ல,” என்றாள் தெக்கிளா மதினி. “பொண்டாட்டி வேசத்துக்கு ஆளு சரியில்லன்னு ஒரு வரி எழுது. அவ்வளவுதான்.”

“எழுதினா யாரு போவான்னு உங்களுக்குத் தெரியும் மதினி.”

“புருசங்கிட்டதான போறா! அசலூருக்கா போறா?”

“பூனை திரும்பி வந்துச்சா? அம்மி வந்துச்சா?”

“நல்லாத்தான இருக்கு பூன,” என்றார் லியோன் மாமா. “மீனுக்குப் பஞ்சமில்ல.”

கபிரியேல் மாமி தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் சந்தேகத்தோடு பார்த்த கண், இப்போது கெஞ்சியது. “மூணு நாளா வெயில்ல நிக்கான் எம்மவன். ஒரு வாய்த்தண்ணி குடுக்க ஆளில்ல. போளா, போயி ஒரு பதில் சொல்லு. நீ போனா அவன் உள்ள வருவான்.”

“நான் எழுத மாட்டேன்,” என்றேன். “நாப்பத்தி மூணு அட்ட எழுதியிருக்கேன். நாப்பத்தி நாலாவத எழுத மாட்டேன். அத்தான் எப்படி அதுக்குள்ள போனாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அக்கா ஓட்டிவிட்டான்னு சொன்னீங்களே, அக்கா இல்ல. நான்.” நோட்டை எடுத்து வந்து பத்தொன்பதாம் அட்டையை உரக்க வாசித்தேன். தேதியையும் வாசித்தேன்.

அக்கா என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “பெட்டில போடுறதுக்கு முன்னால எல்லா அட்டையவும் படிப்பேன். அதையும் படிச்சேன். நல்லாத்தான் எழுதிருக்கான்னு சிரிச்சுக்கிட்டே போட்டேன். அந்த அட்ட உனக்கு மட்டும் சொந்தமில்லடி. இவிய எல்லாரும் சொல்லித்தான நீ எழுதின?”

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெக்கிளா மதினி கொஞ்சம் விலகி உட்கார்ந்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், அன்றுதான் முதல்முறையாக அந்தத் தெருவில் சந்தேகம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது.

மணி இரண்டரை. திரையில் எங்கள் வாசல் வந்தது. ஆரத்தித் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அத்தானின் உதடு வெடித்திருந்தது, சட்டையின் தோளில் உப்பு பூத்திருந்தது. “எல்லாரும் இருக்கியளா?” என்றார், முந்தைய மூன்று நாளும் கேட்ட அதே பொறுமையோடு.

அக்கா எழுந்து நின்றாள். அஞ்சலட்டையைத் தாண்டி நடந்துபோய், டிவிக்கு ஒரு முழ தூரத்தில், வாசலுக்கு உட்புறம் நிற்கிற மாதிரி நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இருக்கோம்,” என்றாள்.

திரையில் அத்தானின் தலை நிமிர்ந்தது. பட்டுச்சேலைக்காரியைத் தாண்டி, வீட்டின் உள்ளே, எங்கள் பக்கம் பார்த்தார்.

“மாமி இருக்காவ. காலு வீக்கம் கொறஞ்சிருக்கு. தங்கச்சி இருக்கா. லியோன் மாமா இருக்காவ, தெக்கிளா மதினி இருக்காவ, அவிய வீட்டாளு அடுத்த மாசம் வாறாவ. தெருவுல எல்லாரும் இருக்காவ.” அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். “நான் இருக்கேன்.”

மாமி, “வேண்டாம்ளா, வேண்டாம்,” என்று முனகினாள். அடுத்து என்ன வரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இல்லாதது ஒரே ஒரு ஆளு,” என்றாள் அக்கா. “இஞ்ஞாசி. கடல்ல போயிட்டாவ. இன்னையோட தொண்ணூத்தொம்பது நாளு.”

அந்தப் பெயரை முன்பின் கேட்டிருக்கிறோமா என்று யோசிக்கிறவரைப் போல அத்தான் நின்றார். பிறகு பையை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார், வெயிலில் நின்றபடியே, தெருக்காரர் ஒருவருக்காகச் செய்கிற மாதிரி, நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பையை மறுபடி எடுத்துக்கொண்டார். படி ஏறவில்லை. வந்த வழியே தெருவில் திரும்பி நடந்தார், தெக்கிளா மதினியின் வாசலைக் கடந்தார், லியோன் மாமாவின் வாசலைக் கடந்தார், தெருமுனையில் ஒரு முறை சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் மறைந்தார். பட்டுச்சேலைக்காரியின் தட்டில் கற்பூரம் அணைந்து போனது. அதற்கப்புறம் திரையில் ஒரு அம்மாள் பாகற்காயின் விதையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. மாமி அவள் காலருகே உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், டிவியில் இருந்த வாசலை இல்லை, எங்கள் வாசலை.

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்,” என்றாள்.